ஷ்ரூஸ்பரிக்கு வந்த கவிஞரும் நூற்றைம்பது பவுனும்

நம் சங்கத்தில் சில மாதங்களாக ஒரு திட்டம் பேசப்பட்டு வருகிறது. அலுவலகங்களில் பணிபுரியும் நம் இளைஞர்களுள் கவித்திறம் மிக்க ஒருவரைத் தேர்ந்தெடுப்பது. உறுப்பினர்களிடம் நிதி திரட்டி, அவர் வாங்கும் சம்பளத்துக்கு ஈடான தொகையை மாதந்தோறும் அவருக்கு அளிப்பது. அவர் வேலையைத் துறந்து முழுநேரமும் கவிதைக்கே தம்மை ஒப்படைக்கச் செய்வது. நோக்கம் நல்லது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் திட்டத்துக்கு அரணாகக் கொண்டுவந்து நிறுத்தப்படும் சான்று ஒன்று உண்டே, அதைத்தான் நம்மால் விழுங்க முடியவில்லை. 1798ஆம் ஆண்டில் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் ஷ்ரூஸ்பரி என்னும் சந்தை நகரில் தங்கியிருந்தபோது, வெட்ஜ்வுட் சகோதரர்கள் ஆண்டுக்கு 150 பவுன் தருவதாக எழுதி அவரைச் சமயப் போதகர் வேலையிலிருந்து மீட்டார்களாம். அதனால்தான் உலகுக்கு ஒரு மகாகவி கிடைத்தாராம். “அன்று ஒரு கவிஞர் காப்பாற்றப்பட்டார், இன்று நாம் ஏன் ஒருவரைக் காப்பாற்றக் கூடாது?” என்று சென்ற கூட்டத்தில் ஓர் அன்பர் முழங்கினார். அரங்கம் கைதட்டிற்று. தொடர்ந்து பேசியவர் ஒரு படி மேலே சென்று, “கோப்புகளுக்குள் புதைந்த குமாஸ்தாவின் பேனாவிலிருந்து குறிப்புரைதான் பிறக்கும், கவிதை பிறக்காது” என்றார். அதற்கும் கைதட்டல். கைதட்டியோரில் முக்கால்வாசிப் பேர் குமாஸ்தாக்கள்!

நாமும் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடுவணரசின் கோப்புகளோடு வாழ்ந்து வருபவர்கள்தாம். ஆகவே இக்கூற்றைக் கேட்டுவிட்டு வாளாவிருத்தல் இயலவில்லை. ஷ்ரூஸ்பரியில் நடந்ததைச் சரியாகத் தெரிந்துகொண்டால், அது அன்பர்களின் கட்சிக்குச் சான்றாக நிற்காது. எதிர்க்கட்சிக்குத்தான் சான்றாகும் என்பது நம் துணிபு. அதனை இங்கே விரித்துரைப்போம்.

ஷ்ரூஸ்பரி வேல்ஸ் நாட்டு எல்லைக்கருகில் உள்ள பழம்பதி. சேவர்ன் ஆறு ஏறத்தாழ முழு வட்டமாக வளைந்தோட, அவ்வளைவுக்குள் அடங்கிய மேட்டின்மீது அமைந்த ஊர். கிழக்கே ஆங்கிலப் பாலம், மேற்கே வேல்ஸ் பாலம். நம் கவிஞர் வந்தபோது இரண்டுமே அவ்வூரார் நினைவறியக் கட்டப்பட்ட புதுப் பாலங்கள். வேல்ஸ் மலைநாட்டுக் கம்பளித் துணிக்கு நெடுங்காலம் சந்தையாக இருந்து செழித்த ஊர் அது. 1596இல் கட்டிய கல் சந்தை மண்டபம் இன்றும் நிற்கிறது. கரிய மரச்சட்டங்களுக்கிடையே வெண்சாந்து பூசிய வீடுகள் தெருவை நோக்கிச் சற்றே சாய்ந்து நிற்பதைப் படங்களில் பார்த்தவர்கள் அறிவார்கள்.

அவ்வூர் உயர்தெருவில் ‘யூனிட்டேரியன்’ எனப்படும் கிறித்தவப் பிரிவினரின் தொழுகைக்கூடம் ஒன்று இருந்தது. இறைவன் ஒருவனே, மூவர் அல்லன் என்பது அவர்கள் கொள்கை. திரித்துவத்தை மறுப்பது 1813 வரை அந்நாட்டில் சட்டப்படி குற்றமாக இருந்தது. அரசின் திருச்சபையோடு ஒத்துப்போகாதவர்களுக்குப் பொதுப் பதவிகளின் கதவைச் சட்டப்படி அடைத்துவைத்த விதிகள் 1828இல்தான் நீங்கின. அத்தகைய சிறுபான்மையோர் கூடித் தங்கள் போதகருக்குச் சம்பளம் கொடுத்து வந்தார்கள். இருந்த போதகரான ரோ என்பவர் விலகவே, அவ்விடத்துக்கு வருமாறு கோல்ரிட்ஜை அழைத்தார்கள். அப்போது கோல்ரிட்ஜுக்கு வயது 25. கேம்பிரிட்ஜில் பட்டம் பெறாமலே வெளியேறியவர். பத்தே இதழ்களில் நின்றுபோன ஒரு பத்திரிகையை நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவர். மனைவியும் கைக்குழந்தையும் உடையவர். மனைவி மீண்டும் கருவுற்றிருந்தார்.

1798 சனவரி 13, சனிக்கிழமை பிற்பகலில் அவர் வண்டியிலிருந்து இறங்கினார். ரோ அவரை எதிர்கொள்ளச் சென்றார். போதகர் என்று சொல்லத்தக்க ஒருவரையும் காணவில்லை. தமக்கென்று தைத்ததாகத் தோன்றாத குட்டையான கறுப்புச் சட்டையணிந்த வட்டமுகத்தார் ஒருவர் மட்டும் உடன் பயணித்தவர்களிடம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். ஏமாற்றத்தோடு வீடு திரும்பிய ரோ அதைச் சொல்லி வாய்மூடுமுன், அந்த வட்டமுகத்தாரே உள்ளே நுழைந்து பேசத் தொடங்கிவிட்டார். ஊரில் இருந்தவரை அப்பேச்சு நிற்கவில்லையாம்.

இவற்றையெல்லாம் நமக்குச் சொல்பவர் ஹாஸ்லிட். 1823இல் அவர் வெளியிட்ட, கவிஞர்களைத் தாம் முதன்முதல் சந்தித்தது பற்றிய கட்டுரையை நம்மில் பலர் பட்டப்படிப்பில் பாடமாகப் படித்திருக்கலாம். ஷ்ரூஸ்பரிக்குப் பத்து மைல் வடக்கே வெம் என்னும் மற்றொரு சிறு சந்தையூரில், அதே பிரிவின் போதகராக இருந்தவருடைய மகன் அவர். அப்போது வயது 19. ஞாயிறன்று விடியுமுன் எழுந்து, சேற்றிலே பத்து மைல் நடந்து, கோல்ரிட்ஜின் சொற்பொழிவைக் கேட்கச் சென்றார். போரைப் பற்றியும் சமாதானத்தைப் பற்றியும், அரசும் திருச்சபையும் தனித்தனியே நிற்க வேண்டியது பற்றியும் பேச்சு அமைந்தது. வயல்வெளியில் ஆடு மேய்த்துக் குழலூதும் சிறுவனைக் காட்டி, அவனையே கடத்திப்போய்க் குடிக்க வைத்துப் பட்டாளத்தில் தம்பட்டம் அடிக்க விட்டிருக்கும் கோலத்தையும் காட்டியபோது, ஹாஸ்லிட்டுக்குக் கவிதையும் தத்துவமும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டது போலத் தோன்றிற்று. இருபத்தைந்து ஆண்டு கழித்தும் அந்தக் காலைப்பொழுதை எழுதும் அவர் கை நடுங்குவதைப் படிப்பவர் உணரலாம்.

செவ்வாயன்று கோல்ரிட்ஜ் வெம் ஊருக்கு வந்து ஹாஸ்லிட்டின் தந்தையோடு உணவருந்தினார், இரவும் தங்கினார். மறுநாள் காலையுணவின்போது வெட்ஜ்வுட்டின் கடிதம் அவர் கையில் இருந்தது. அச்சகோதரர் இருவரும் புகழ்பெற்ற மட்பாண்டத் தொழிலதிபரின் மக்கள். இளையவரான தாமஸ் நோயாளி. ஒளிப்படக் கலைக்கு முன்னோடியான சோதனைகளைச் செய்து பார்த்தவர். (அவர்களுடைய தமக்கை சூசன்னாவே ஷ்ரூஸ்பரியில்தான் இருந்தார், மருத்துவர் இராபர்ட் டார்வினின் மனைவி, 1809இல் அவர்களுக்கு அவ்வூரில் பிறந்த மகனை உலகம் அறியும்.) போதகர் வேலையை விட்டுவிட்டுக் கவிதையிலும் தத்துவத்திலும் ஈடுபடுவதானால் ஆண்டுக்கு 150 பவுன் தருவதாகக் கடிதம் கூறிற்று. காலணியின் கயிற்றைக் கட்டி முடிப்பதற்குள் கோல்ரிட்ஜ் முடிவுசெய்துவிட்டார் போலிருந்தது என்று எழுதுகிறார் ஹாஸ்லிட். இந்தக் காலணிக் காட்சியைத்தான் நம் அன்பர்கள் மேடையில் கண்ணீர் மல்க விவரிக்கிறார்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். கணக்கு நம் தொழில் அல்லவா?

ஷ்ரூஸ்பரிப் போதகர் பதவிக்குச் சம்பளம் ஆண்டுக்கு 120 பவுன். அத்துடன் குடியிருக்க ஒரு வீடு. அதன் வாடகை மதிப்பு 30 பவுன். இரண்டையும் கூட்டினால் 150. வெட்ஜ்வுட்கள் தந்ததும் 150. ஆக, கவிஞர் வறுமையிலிருந்து மீட்கப்பட்டார் என்பது பொய். வருமானத்தைப் பொறுத்தவரை ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நீக்கப்பட்டது வறுமையன்று, வேலை.

மேலும் ஒரு செய்தி. அதே வெட்ஜ்வுட்கள் சில நாள்களுக்கு முன்னர்தான் 100 பவுனுக்கு ஒரு காசோலை அனுப்பியிருந்தார்கள். கோல்ரிட்ஜ் முதலில் ஏற்று, பின் சனவரி 5ஆம் நாள் திருப்பி அனுப்பிவிட்டார். ஒருமுறை வரும் நன்கொடை கரைந்து போகும், கவலை மீண்டும் வந்து வாசலில் நிற்கும், நிலையான சம்பளமே மேல் என்று எண்ணித்தான் அவர் ஷ்ரூஸ்பரிக்கு வண்டியேறினார். அதாவது, குடும்பத்துக்கு உறுதியான வருமானம் வேண்டும் என்பதே அவரது முதல் நாட்டம். நம் வீட்டுப் பிள்ளைகள் தேர்வெழுதி எழுத்தர் பணியில் சேர்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கூலிக்குச் சமயம் போதிப்பதில் அவருக்கு மனவுறுத்தல் இருந்தது உண்மை; அது மதிக்கத்தக்கதே. நம் இளைஞருக்கு அத்தகைய உறுத்தல் ஏதும் இருப்பதாக நாம் கேள்விப்படவில்லை. வட்டி கணக்கிடுவதற்கும் மனச்சான்றுக்கும் சண்டை வருவதில்லை.

அடுத்து, அந்தப் பணம் எந்தக் கவிதைகளைத் தந்தது என்று பார்ப்போம். கோல்ரிட்ஜின் பெயர் நிற்பது பெரும்பாலும் நான்கைந்து பாடல்களால். கிழ மாலுமியின் கதையை அவர் தொடங்கியது 1797 நவம்பரில். முடித்தது 1798 மார்ச்சில். தொடங்கிய காரணம் தெரியுமா? நண்பர் வேர்ட்ஸ்வொர்த்தோடு சென்ற ஒரு நடைப்பயணத்தின் செலவை ஈடுகட்ட, ஒரு மாத இதழுக்குப் பாடல் எழுதி 5 பவுன் சம்பாதிக்கலாம் என்று இருவரும் திட்டமிட்டார்கள்! ஆங்கில மொழியின் தலைசிறந்த பாடல்களுள் ஒன்று ஐந்து பவுன் தேவையில் முளைத்தது. குப்ளாகானைப் பற்றிய பாடலை 1797ஐச் சார்ந்ததாகவே பெரும்பாலோர் கொள்வர். கிறிஸ்டபெலின் முதற்பகுதியும் அந்தப் பருவத்ததே. உறைபனி இரவில் குழந்தையின் தொட்டிலருகே அமர்ந்து எண்ணும் பாடல் 1798 பிப்ரவரியில், ஷ்ரூஸ்பரியிலிருந்து திரும்பிய சூட்டோடு எழுந்தது. மனம் இலேசானதால் எழுந்தது என்று யாரேனும் வாதிட்டால் மறுக்க மாட்டோம். ஆனால் மரம் முன்பே பூத்துக்கொண்டிருந்தது. தண்ணீர்க் குடத்தோடு பிறகு வந்தவர்கள் பூவுக்கு உரிமை கொண்டாடுதல் முறையன்று.

எதிர்க்கட்சியாருக்கு உரியதை நாம் மறைக்கப் போவதில்லை. அப்பணத்தால்தான் கோல்ரிட்ஜ் 1798 செப்டம்பரில் செருமனி சென்றார். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பயின்றார். அங்குக் கற்ற தத்துவம் பின்னாளில் ஆங்கிலத் திறனாய்வையே மாற்றிற்று. தம் கல்வியை முடிக்க உதவியவர்கள் அச்சகோதரர்கள் என்று அவரே அச்சில் நன்றி கூறியிருக்கிறார். அப்படியானால் அது அறிஞனுக்குக் கிடைத்த படிப்புதவி என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறோம். கவிஞனைப் பிறப்பித்த கொடை என்று சொல்லாதீர்கள். 1802ஆம் ஆண்டிலேயே, முப்பது வயது நிறையுமுன், தம் படைப்பாற்றல் வற்றிவிட்டதென்று புலம்பி ஒரு பாடல் எழுதினார். 150 பவுன் அப்போது தவறாமல் வந்துகொண்டிருந்தது. அபினிப் பழக்கமும் நோயும் இல்லறக் கசப்பும் அவரை வாட்டின. மானியம் அவரைக் கெடுத்தது என்று நாம் சொல்லவில்லை. ஓய்வு கிடைத்தால் கவிதை ஊறும் என்னும் நம்பிக்கைக்கு அவர் வாழ்க்கையில் ஆதாரம் இல்லை என்பதையே சொல்கிறோம்.

மானியத்தின் கதி என்னவாயிற்று என்பதையும் அன்பர்கள் மேடையில் சொல்வதில்லை. ஆயுள் முழுவதும் தருவோம், எவ்வித நிபந்தனையும் இல்லை, எங்கள் செல்வமே அழிந்தாலன்றி நிற்காது என்பதுதான் உறுதிமொழி. தாமஸ் 1805இல் மறைந்தார். தம் பாதிப் பங்கை உயிலில் எழுதிவைத்துச் சென்றார், அந்தப் புண்ணியவான். மூத்தவர் ஜோசையா, போரால் தம் செல்வம் குறைந்ததென்று கூறி, 1812இல் தம் பங்கை நிறுத்திவிட்டார். 150 என்பது 75 ஆயிற்று. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் நெப்போலியப் போர்களால் இங்கிலாந்தில் விலைவாசி கடுமையாக ஏறியிருந்தது. 1798இல் 150 வாங்கியதை 1812இல் 150 வாங்கவில்லை. 75 எதை வாங்கியிருக்கும்? புரவலர் தரும் தொகைக்கு அகவிலைப்படி கிடையாது. ஊதியக் குழு கிடையாது. முறையிட மேலதிகாரியும் கிடையாது; நன்றி சொல்லத்தான் ஆள் உண்டு. பின்னர் மன்னர் நான்காம் ஜார்ஜின் கொடையாக, இலக்கியக் கழகம் ஒன்றின் வழியாக ஆண்டுக்கு 100 கினி வந்தது. 1830இல் மன்னர் இறந்தார்; அதுவும் நின்றது.

மட்பாண்டச் செல்வர்களால் பதினான்கு ஆண்டுக்குமேல் முழுதாகக் காப்பாற்ற முடியாத வாக்கை, மாதாந்திரச் சந்தா நிலுவைக்கு மூன்று நினைவூட்டுக் கடிதம் எழுதவேண்டியிருக்கும் நம் சங்கம் காப்பாற்றுமா? நம்மவருள் இன்று நிதி தருபவர் நாளை கவுகாத்திக்கு மாற்றலாகிறார். மறுநாள் மற்றொருவர் ஓய்வுபெற்று ஊரோடு போய்விடுகிறார். அப்போது அந்த இளைஞர், முப்பத்தைந்து வயதில், துறந்த வேலை மீண்டும் கிட்டாத நிலையில், யார் வாசலில் நிற்பார்?

அவர் வீட்டாரையும் எண்ணிப் பாருங்கள். கோல்ரிட்ஜ் செருமனியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1799 பிப்ரவரியில், ஒரு வயதுகூட நிரம்பாத அவருடைய இரண்டாம் மகன் இறந்தான். மனைவி சாரா தனியாக இருந்து அந்தத் துயரத்தைத் தாங்கினார். 1803 முதல் சாராவின் தங்கை கணவரான சதே அக்குடும்பத்தோடு ஒரே வீட்டில் வந்து வாழ்ந்தார். நாள்தோறும் தவறாமல் மேசையில் அமர்ந்து மதிப்புரையும் வரலாறும் எழுதி, தம் குழந்தைகளோடு கோல்ரிட்ஜின் குழந்தைகளையும் வளர்த்த பெரும்பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. காலணிக் காட்சியை வருணிப்போர் இந்த வீட்டின் அடுப்படிப் பக்கம் எட்டிப்பார்ப்பதேயில்லை. ஊரைவிட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து, சம்பள நாளை எண்ணி வாழும் நம் குடும்பங்களில் இதனை விளக்கவும் வேண்டுமோ? ஊரில் தங்கையின் திருமணம், தாயின் மருத்துவச் செலவு, இங்கே பள்ளிக் கட்டணம் — இத்தனையும் ஒரு சம்பளச் சீட்டில் தொங்குகின்றன.

இவ்வளவும் நம் வாதம். நம் வாதத்தை ஒதுக்கிவிட்டு, சம்பந்தப்பட்டவரையே கேட்போம். 1817இல் கோல்ரிட்ஜ் தம் இலக்கிய வாழ்க்கையைப் பற்றிய நூலை வெளியிட்டார். அதன் பதினோராம் இயல் முழுவதும், எழுத்தாளராக விரும்பும் இளைஞர்களுக்கு அன்போடு விடுத்த அறிவுரை. சாரம் ஒன்றே: இலக்கியத்தையே பிழைப்பாகக் கொள்ளாதீர்கள். ஒழுங்கான தொழில் ஒன்று வேண்டும்; அத்தொழில் மனத்தின் முழு வலிமையையும் கேட்காததாக, இயந்திரம்போல் செய்துவிடக்கூடியதாக இருந்தாலும் சரியே. வேறு கவலை குறுக்கிடாத மூன்று மணி நேர ஓய்வு, அதுவும் நாள் முழுதும் ஆவலோடு எதிர்நோக்கிய ஓய்வு, பல வாரக் கட்டாய உழைப்பைக் காட்டிலும் உயர்ந்த இலக்கியத்தைத் தரும் என்கிறார். தொழில் பார்த்துக்கொண்டே எழுதியோர்க்கு எடுத்துக்காட்டாக சிசரோவையும் செனபோனையும் தாமஸ் மோரையும் பேக்கனையும் காட்டிவிட்டு, தம் காலத்தவராக மருத்துவர் எராஸ்மஸ் டார்வினையும் சொல்கிறார். யார் இந்த எராஸ்மஸ்? ஷ்ரூஸ்பரியில் மருத்துவம் பார்த்த இராபர்ட் டார்வினின் தந்தை! காலணியைக் கட்டிக்கொண்டு எந்த ஊரைவிட்டுப் புறப்பட்டாரோ, அந்த ஊர் வழியாகவே அவர் எண்ணம் பத்தொன்பது ஆண்டு கழித்துத் திரும்பி வந்தது போலும். திட்டக்காரர்கள் ஹாஸ்லிட்டின் கட்டுரையோடு புத்தகத்தை மூடிவிட்டார்கள். பதினோராம் இயலைத் திறந்திருந்தால் அந்தக் கைதட்டல் எழுந்திராது.

நம் வாதத்துக்கு உதவாத ஒரு செய்தியும் உண்டு. 1805இல் மால்டாத் தீவில் ஆங்கில ஆளுநருக்குப் பொதுச் செயலாளராகச் சில மாதம் கோல்ரிட்ஜே கோப்புகளைப் பார்த்தார். அந்த வேலை அவருக்கு உவப்பாக இல்லை. அப்போது பெருங்கவிதை எதுவும் பிறக்கவுமில்லை. வேலை கிடைத்தால் கவிதை வரும் என்று நாம் சொல்லவில்லை, ஐயா! வேலை கவிதையைக் கொல்லும் என்பதைத்தான் மறுக்கிறோம்.

அதை மறுக்க ஓர் ஆள் போதும். கோல்ரிட்ஜின் பள்ளித் தோழர் சார்லஸ் லாம். 1792இல் இலண்டன் லெடன்ஹால் தெருவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகத்தில் கணக்கெழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 1825 வரை, 33 ஆண்டுகள் அதே வேலையில் இருந்தவர். நம் நாட்டிலிருந்து கப்பலேறிய துணிக்கும் அவுரிச் சாயத்துக்கும் கணக்கெழுதிய கைதான் உலகம் போற்றும் கட்டுரைகளை எழுதிற்று. 1796இல் மனநோய் வெறியில் தாயையே கொன்றுவிட்ட தமக்கையைக் காப்பகத்தில் கைவிடாமல் ஆயுள் முழுதும் தம்மோடு வைத்துக் காத்தார். அதற்கு அந்தச் சம்பளம் வேண்டியிருந்தது. ஈலியா என்னும் புனைபெயரில் 1820 முதல் வந்த கட்டுரைகளுள் மிகச் சிறந்தவை பணியில் இருந்தபோது எழுதியவை. அவர் மேசையை நேசித்தாரா? இல்லை, கசந்துதான் எழுதினார். தம் உண்மையான நூல்கள் லெடன்ஹால் தெருவின் அலமாரிகளில் பேரேடுகளாக இருக்கின்றன என்று எள்ளியும் கொண்டார். அந்த எள்ளலே இலக்கியமாயிற்று. வேலையை வெறுப்பதற்கு ஒரு வேலை இருக்க வேண்டுமன்றோ!

பாரியையும் அதியமானையும் காட்டி, புரவலர் மரபு தமிழர் மரபு என்பாரும் உண்டு. சங்கப் புலவர் பெயர்களைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கும்படி அவர்களை வேண்டுகிறோம். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் தானியம் விற்றவர். உறையூர் மருத்துவன் தாமோதரனார், தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் ஆகியோர் தொழிலும் பெயரிலேயே இருக்கிறது. தொழிலைப் பெயரோடு சேர்த்துச் சொல்ல அக்காலத்தார் நாணவில்லை. பரிசிலை நாடிச் சென்ற பெருஞ்சித்திரனாரும்கூட, அதியமான் தம்மை நேரில் காணாமலே அனுப்பிய பரிசிலை வாங்க மறுத்தார். நேரில் கண்டு, தரமறிந்து, பேசி மகிழ்ந்து தருவதே கொடை என்றிருந்தது அம்மரபு. மாதம் முதல் தேதி வங்கிக் கணக்கில் விழுவது வேறு.

மற்றொரு சாராருக்கும் இவ்விடத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் இத்திட்டத்தை எதிர்ப்பதறிந்து, “பார்த்தீர்களா, எழுத்து சோறு போடாது என்று நாங்கள் அன்றே சொன்னோம்” என்று சில பெரியவர்கள் மகிழ்ந்தார்கள். அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. பிள்ளை மாலையில் நோட்டுப் புத்தகத்தை எடுத்தால் “துறைத் தேர்வுக்குப் படி” என்று விளக்கைத் திருப்பி வைப்பவர்கள் அவர்கள்தாம். கோல்ரிட்ஜ் கேட்ட மூன்று மணி நேரத்தைத் திருடுவது அலுவலகமன்று, பெரும்பாலும் வீடு. இரண்டு அறைக் குடியிருப்பில் தொலைக்காட்சியும் விருந்தினரும் போக எழுதுவதற்கு ஒரு மூலை கிடைக்காமல், சமையலறையில் அரிசிப் பீப்பாயின்மீது தாளை வைத்துக் கதையெழுதும் பெண் ஒருவரை நாம் அறிவோம். அவரும் அலுவலகம் செல்பவரே. திட்டக்காரர்களின் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

ஷ்ரூஸ்பரிக்கே ஒருமுறை திரும்புவோம். கோல்ரிட்ஜ் 17ஆம் நாளே கொடையை ஏற்று எழுதிவிட்டாலும், உடனே மூட்டை கட்டவில்லை. மாத இறுதிவரை அங்கிருந்து, கடமைப்பட்ட அளவுக்குச் சொற்பொழிவாற்றிவிட்டே போனார். அந்தச் சிறுபான்மைச் சபை ஒரு போதகரை இழந்தது. ஊர் பெற்றது என்ன? ஊருக்குப் பத்து மைல் தள்ளியிருந்த ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை பெற்றான். அண்டையூரில் வாழப்போகிறார் என்று நம்பியிருந்த கவிஞர் நூற்றைம்பது மைலுக்கப்பால் போய்விடுவார் என்றதும் அவன் முகம் வாடிற்று. அது கண்டு கோல்ரிட்ஜ் ஒரு சீட்டில் தம் முகவரியை எழுதிக் கொடுத்து, சில வாரங்களில் அங்கு வந்து தம்மைக் காணுமாறு அழைத்தார். பிறகு இருவரும் ஷ்ரூஸ்பரிச் சாலையில் ஆறு மைல் பேசிக்கொண்டே நடந்தார்கள். அந்த ஆறு மைலுக்கு எவரும் நிதி திரட்டவில்லை. தமக்குள் ஊமையாய்க் கிடந்த அறிவுக்கு மொழி கிடைத்தது கோல்ரிட்ஜால்தான் என்று ஹாஸ்லிட் பின்னாளில் எழுதினார்.

நம் சங்கத்துக்கும் கவிஞர்கள் வருகிறார்கள். இரயில் நிலையத்தில் மாலை, மேடையில் பொன்னாடை, செயலாளர் இல்லத்தில் விருந்து, மறுநாள் நகர் சுற்றிப் பார்த்தல், அதற்கடுத்த நாள் வழியனுப்பு. எழுதத் துடிக்கும் நம் பிள்ளைகளுள் ஒருவர்கூட அவரோடு ஒரு பர்லாங்கு நடந்ததாக நாம் கண்டதில்லை.

ஆதலின் நாம் மாற்றுத் திட்டம் ஒன்றை வைக்கிறோம். சங்கக் கட்டடத்தின் மாடியில், பழைய விழாத் தட்டிகளும் உடைந்த நாற்காலிகளும் அடைந்து கிடக்கும் அறை ஒன்று இருக்கிறது. அதனை ஒழித்து வெள்ளையடித்து, நான்கு மேசையும் நான்கு விளக்கும், குளிர்காலத்துக்கு ஒரு கணப்பும் வைக்க வேண்டும். வார நாள்களில் மாலை 7 மணி முதல் 10 மணி வரை அது திறந்திருக்க வேண்டும். பெண்களுக்கென இரண்டு மேசை. அங்கே கூட்டம் கூடாது, சீட்டாடக் கூடாது, எவரும் எவரையும் ‘என்ன எழுதுகிறாய்’ என்று கேட்கக் கூடாது. வெளியூரிலிருந்து அழைக்கப்படும் கவிஞர் ஒரு மாலையாவது, மேடையும் ஒலிபெருக்கியும் இன்றி, அவ்வறையில் எழுதுவோரோடு அமர்ந்து பேச வேண்டும். மாதச் செலவு மின்கட்டணமும் காவலருக்குச் சிறு தொகையும்தான்; முன்னர்ச் சொன்ன நிதியில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. அடுத்த பொதுக்குழுவில் இதனைத் தீர்மானமாக எழுதிக் கொடுக்கவிருக்கிறோம். வழிமொழிய ஒருவர் வேண்டும்.